கத்திரி வெயிலில் ஒரு கிரகணம்: மதுரைச் சமவெளியில் குடும்பத்தோடு வளையச் சூரியன் பார்க்க

2031 மே 21, புதன்கிழமை. வைகாசி அமாவாசை. அழகர் ஆற்றில் இறங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். கோடை விடுமுறை முடிந்திருக்காது. கத்திரியும் விட்டிருக்காது. அன்று பகல் ஒரு மணிக்குச் சற்றுப் பின், மதுரைக்காரர்களின் உச்சந்தலைக்கு மேலே சூரியன் ஒரு வளையமாக நிற்கும். அரபிக்கடல் தாண்டி வரும் நிலவின் நிழல் கொச்சி, ஆலப்புழை, கோட்டயம் பக்கம் கரையேறி, மலையைத் தாண்டித் தேனி, மதுரை, இளையான்குடி, காரைக்குடி என்று கிழக்கே ஓடி, வேதாரண்யம் பக்கம் கடலில் இறங்கி, யாழ்ப்பாணத்தையும் தொட்டுக்கொண்டு போகும். பாதையின் அகலம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதன் நடுப்பகுதியை ஒட்டிய ஊர்களில் வளையம் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் நீடிக்கும்.

வெளிநாட்டிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் இதற்காக மதுரைக்கு வரப்போகிறார்கள். நமக்கோ வண்டியில் ஏறினால் அரை மணி நேரத்தில் நல்ல இடம். ஆனால் ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அன்றைக்குக் குடும்பத்துக்கு ஆபத்து இரண்டே வழியில்தான் வரும். ஒன்று, கண்ணாடி போடாமல் மேலே பார்ப்பது. இன்னொன்று, கத்திரி வெயிலில் நடுப்பகலில் மூன்றரை மணி நேரம் வெட்டவெளியில் நிற்பது. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த இரண்டையும் தவிர்த்துக்கொண்டு, பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் கிரகணத்தைப் பார்ப்பதற்கான ஏற்பாட்டைப் பற்றியது.

முழுக் கிரகணம் வேறு, வளையக் கிரகணம் வேறு

நிலவு பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல. கிட்டத்தில் வரும்போது ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டர், எட்டப் போகும்போது 4,05,000 கிலோமீட்டர். கிட்டத்தில் இருக்கும்போது மறைத்தால் சூரியன் முழுவதும் மறையும். எட்டத்தில் இருந்தால் நிலவு சின்னதாகத் தெரிவதால் சூரியனின் ஓரம் வெளியே நிற்கும். அதுதான் வளையம். 2031இல் சூரியத் தட்டின் பரப்பில் 92 சதவீதம் மறையும். மீதி 8 சதவீதம் அப்படியே எரியும்.

அந்த 8 சதவீதத்தை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். 2024 ஏப்ரல் 8 அன்று மெக்சிகோ, அமெரிக்கா, கனடா வழியாகப் போன முழுக் கிரகணத்தின் காணொளிகளை நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். இருட்டு கவிந்ததும் ஆயிரக்கணக்கானோர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் மேலே பார்த்து ஆரவாரம் செய்யும் காட்சி அது. முழு மறைவின் சில நிமிடங்களுக்கு மட்டும் அது பாதுகாப்பானது. மதுரையில் அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது. வளையம் தெரியும் ஐந்து நிமிடமும் கண்ணாடி முகத்தில்தான் இருக்க வேண்டும். இருட்டும் வராது, மழை மேகம் மூடிய பகலின் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். சூரியனைச் சுற்றியுள்ள வெண்ணிற ஒளிமகுடமும் தெரியாது. வண்டியில் போகும்போதே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இருட்டை எதிர்பார்த்து வந்த பிள்ளை ஏமாந்து போகும். வளையத்தை எதிர்பார்த்து வந்த பிள்ளை துள்ளும்.

முழு மறைவையே பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்கு நீண்ட பயணம் காத்திருக்கிறது. 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் பகுதியில் ஆறு நிமிடத்துக்கு மேல் பகல் இருளும். இந்திய மண்ணில் என்றால் 2034 மார்ச் 20, லடாக் பக்கம், பனிக்காலம் முழுதாக விடைபெறாத மாதத்தில். நம் பக்கத்தில் அப்படி இருண்ட நாள் 1871 டிசம்பர் 12. அன்றைய முழுக் கிரகணப் பாதை நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டைக் குறுக்கே வெட்டி யாழ்ப்பாணம் போனது. பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் ஜான்சென் நீலகிரியில் சோலூரில் கருவிகளை நட்டார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் அவிநாசியில் முகாமிட்டார். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு வானியல் வரலாற்றைச் சொல்லத் தொடங்க இதைவிடப் பக்கத்து ஊர்கள் கிடையாது.

வளையம் பார்த்தவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள். 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் பத்து நிமிடத்துக்கு மேல் வளையம் நின்றது. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக இன்னொன்று போனது. அன்று பாதையின் தெற்கு விளிம்பு மதுரையை ஒட்டி ஓடியது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பித் திண்டுக்கல் பக்கம் போனார்கள். ஒரு மணி நேர ஓட்டம்தான். மெல்லிய கீற்றுக்கும் முழு வளையத்துக்கும் அவ்வளவுதான் தூரம். 2031இல் அந்த ஓட்டம்கூட வேண்டாம். பாதை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஓடவேண்டிய தேவை வந்தால் அது மேகத்துக்காகத்தான் வரும்.

மேகத்துக்கு ஒரு சாலை

இங்கே மதுரைக்கு ஒரு பேறு உண்டு. கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி வழியாக மதுரை வந்து, சிவகங்கை வழியாகத் தொண்டிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85, கிரகணப் பாதையோடு ஏறத்தாழ ஒட்டியே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. ஆகவே மேகம் கூடினால் இந்தச் சாலையிலேயே முன்னும் பின்னும் நகரலாம். பாதையை விட்டு வெளியே போய்விடுவோமோ என்ற பயம் இல்லை. வடக்கு தெற்காக ஓடும் 44ஆம் எண் சாலையில் திண்டுக்கல் பக்கமோ விருதுநகர் பக்கமோ போகப் போக நடுக்கோட்டிலிருந்து விலகுவீர்கள், வளைய நேரமும் குறையும்.

எந்தத் திசைக்கு நகர்வது? என் கருத்து தெளிவானது: கிழக்கே. மே மாதக் கடைசியில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வாசலில் நிற்கும். அது வழக்கமாகத் தொடங்குவது ஜூன் 1 வாக்கில். அதற்கு முந்தைய கோடை மழை மேகங்கள் பெரும்பாலும் மலையை ஒட்டித்தான் திரளும், அதுவும் மதியத்துக்கு மேல்தான். கம்பம் பள்ளத்தாக்கும் தேனியும் கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் கிரகண நாளுக்கு அவை இரண்டாம் தேர்வு. கொடைக்கானலும் அப்படியே. 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டால், வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். 1904 முதல் அங்கே சூரியனை நாள்தோறும் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான். கிரகண நாளில் மட்டும் மலையேற வேண்டாம்.

மே 20 இரவு வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். வங்கக்கடலில் புயல் சின்னம் எதுவும் இல்லையென்றால் மதுரையைச் சுற்றியே இருங்கள். காலை எட்டு மணிக்கு இன்னொரு முறை பாருங்கள். இடம் மாற்றுவதென்றால் பத்து மணிக்குள் முடிவெடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓடினால் வளைய நேரத்தில் நடுச்சாலையில் நிற்பீர்கள். உங்கள் ஊருக்கான துல்லியமான நேரங்களைக் கொல்கத்தாவிலுள்ள நிலையியல் வானியல் மையம் ஒவ்வொரு கிரகணத்துக்கும் முன்பு வெளியிடும், நாளிதழ்களிலும் வரும். ஒரு தாளில் எழுதி வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நிழல் இருக்கும் இடமே நல்ல இடம்

கிரகணம் என்றதும் எல்லோரும் மொட்டை மாடி, மலையுச்சி, வறண்ட கண்மாய் என்று வெட்டவெளியைத் தேடுவார்கள். காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்து நிற்கும் கிரகணத்துக்கு அது சரி. 2031இல் சூரியன் 70 டிகிரிக்கு மேல், தலைக்கு நேராகச் சற்றே வடமேற்கில் நிற்கும். எந்த மரமும் கட்டடமும் அதை மறைக்கப்போவதில்லை; நாலடி தள்ளி வந்தால் வானம் தெரியும். 40 டிகிரியைத் தொடும் வெயிலில் யானைமலை மேல் ஏறிப் பாறையில் நிற்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. கால் பொசுங்கும், தலை சுற்றும்.

தேடவேண்டியது பெரிய மரம். நிழல் அடர்ந்து, ஆனால் இடையிடையே வெயில் காசுகள் சிந்தும் மரம். வேம்பு, புளி, புங்கை மூன்றும் நல்லவை. அந்த வெளிச்சக் காசுகள் ஒவ்வொன்றும் சூரியனின் படம்தான். இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுவது சூரிய வட்டம். அன்றாடம் அது வட்டமாக இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. கிரகணம் தொடங்கியதும் அத்தனை காசுகளும் பிறையாகும். பிறகு, ஒரு மணி தாண்டியதும், மரத்தடி முழுவதும் நூற்றுக்கணக்கான வளையங்கள் விழும். காற்றில் கிளை அசைய அவையும் அசையும். சூரியன் உச்சியில் இருப்பதால் 2019 காலையில் விழுந்ததுபோல் நீண்டு கோணாமல், ஏறத்தாழ உருண்டையான வளையங்களாகவே விழும். வளையத்தின் அளவை நீங்களே கணக்கிடலாம்: இடுக்குக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை 110ஆல் வகுத்தால் போதும். நாலரை மீட்டர் உயரக் கிளை என்றால் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர் வளையம். அடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். கண்ணாடியே போட மறுக்கும் இரண்டு வயதுக் குழந்தையும் கிரகணத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும். இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

மதுரையைச் சுற்றி இப்படிப்பட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் ஆலமரங்களும் தாமரைக் குளமும் உண்டு. அங்கே கூட்டம் வரும், எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஆலின் நிழல் மிக அடர்த்தி, வெளிச்சக் காசு குறைவு; ஓரமாக உட்காருங்கள். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம், அமைதியானது. ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, குப்பை போடாமல் இருந்துவிட்டு வரவேண்டும். சிலைமான் தாண்டிக் கீழடி அருங்காட்சியகத்தை முற்பகலில் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் தங்குவதும் நல்ல திட்டம். வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு இவை எல்லாவற்றையும்விடச் சொந்தக்காரர் தோட்டமே மேல்: கிணறு இருக்கும், கழிப்பறை இருக்கும், கட்டில் இருக்கும். நான்குவழிச் சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. லாரி ஓட்டுநர் ஒருவர் மேலே பார்த்தால் போதும்.

நிழலுக்குள் உட்கார்ந்தபடியே பெரிதாகப் பார்க்க இன்னொரு வழி. முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை எடுத்து, ஐந்து மில்லிமீட்டர் ஓட்டை போட்ட தாளால் மூடி ஒட்டுங்கள். அதை வெயிலில் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்து, பிரதிபலிக்கும் ஒளியைப் பத்து மீட்டர் தள்ளி, திண்ணையின் இருண்ட சுவரில் விழச் செய்யுங்கள். ஒன்பது சென்டிமீட்டர் சூரியன் சுவரில் தெரியும். கழுத்தை நிமிர்த்த முடியாத தாத்தா நாற்காலியில் அமர்ந்து கிரகணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவிடலாம். யாரும் குனிந்து அந்தச் சிறு கண்ணாடிக்குள் மட்டும் எட்டிப் பார்க்கக் கூடாது; பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளையைக் காவல் வையுங்கள். சமையலறையிலிருந்து சல்லடை, இடியாப்பத் தட்டு, முறுக்கு அச்சு எடுத்துவந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒவ்வொரு துளையும் தரையில் ஒரு பிறையைப் போடும்.

கண்ணாடி

ஐஎஸ்ஓ 12312-2 தரச் சான்றுள்ள கிரகணக் கண்ணாடி, அல்லது 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. வேறெதுவும் வேண்டாம். எக்ஸ்ரே படம், கூலிங் கிளாஸ், சிடி தட்டு, புகை பிடித்த கண்ணாடித் துண்டு எதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. அண்டாவில் மஞ்சள் தண்ணீரோ சாணித் தண்ணீரோ ஊற்றி அதில் தெரியும் சூரியனைப் பார்க்கும் வழக்கம் நம் பக்கம் பரவலாக இருந்தது. கணக்கைப் பாருங்கள்: உச்சி வெயிலில் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். தரமான கிரகணக் கண்ணாடி 0.0032 சதவீதத்துக்கு மேல் விடாது. அண்டாத் தண்ணீர் அதைவிட அறுநூறு மடங்கு. பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசாமல், சுவரில் விழும் சூரியனைக் காட்டுங்கள். அவர்களே அண்டாவை விட்டுவிடுவார்கள்.

கண்ணாடியை ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் போலி நிறைய வரும். போட்டுக்கொண்டு வீட்டு டியூப் லைட்டைப் பார்த்தால் இருட்டாக இருக்க வேண்டும். 2019இல் வாங்கிப் பீரோவில் வைத்திருந்தது கீறலோ மடிப்போ விழுந்திருந்தால் தூக்கிப்போடுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் காகிதத் தட்டில் ஓட்டை வெட்டிக் கண்ணாடியை அதில் ஒட்டிக் கொடுத்தால் பக்கவாட்டு வெளிச்சமும் மறையும், முகமும் வெயிலிலிருந்து தப்பும். பழக்கவேண்டிய ஒழுங்கு இதுதான்: தரையைப் பார், கண்ணாடி போடு, மேலே பார், தரையைப் பார், கண்ணாடி கழற்று. முதல் நாளே வாசலில் விளையாட்டாகப் பழக்குங்கள். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது மிகமிக ஆபத்து. குவிந்த ஒளி கண்ணாடியையே எரித்துக் கண்ணுக்குள் போகும்.

சோறு, தண்ணீர், சாத்திரம்

கிரகண வேளையில் கோயில் நடைகள் சாத்தியிருக்கும். வெளியூர் உறவினர் மீனாட்சி தரிசனத்துக்கும் சேர்த்து வருவதாக இருந்தால் முதல் நாளே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏறத்தாழ 11 மணி முதல் 3 மணி வரை அடுப்பு மூட்டாத, சாப்பிடாத வீடுகள் நிறைய. தர்ப்பையை ஊறுகாய் ஜாடியில் போடுவதால் யாருக்கும் நட்டமில்லை. அம்மாவின் மனம் நிறையட்டும். ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்தெடுப்பவர்கள், பால்குடி மறக்காத பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள் மூவரும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கர்ப்பிணியை உள்ளே வைப்பது பழைய வழக்கம். கிரகணத்துக்கென்று தனியாக ஒரு கதிர் வந்து வயிற்றுப் பிள்ளையைத் தாக்குவதில்லை. கத்திரி வெயில்தான் அவருக்குப் பகை. திண்ணை நிழலில் அமர்ந்து சுவரில் விழும் வளையத்தை அவரும் பார்க்கலாம். மற்றவர்கள் பத்தரை மணிக்குள் கட்டுச்சோற்றை முடித்துக்கொண்டால் மூன்று மணி வரை தாங்கும். புளியோதரை நிற்கும், தேங்காய்ச் சாதம் அந்த வெயிலில் ஊசிப்போகும். நீர்மோர் நிறைய எடுத்துப் போங்கள். சாலையோரம் நுங்கும் இளநீரும் கிடைக்கும் மாதம் அது.

அந்த மூன்றரை மணி நேரம்

முதல் ஒரு மணி நேரம் மெதுவாகப் போகும். சூரியனின் ஓரத்தில் சின்னக் கடி, பிறகு பெரிய கடி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்; மீதி நேரம் எல்லோரும் நிழலில் இருங்கள். பன்னிரண்டரைக்கு மேல் வெயிலின் குணம் மாறும். நிழல்களின் விளிம்பு கூர்மையாகும், வெளிச்சம் மங்கும், தோலில் சுள்ளென்று குத்திய வெயில் தணியும். நடுக் கத்திரியில், நட்டநடுப் பகலில், மழையில்லாமல் மேகமில்லாமல் வெக்கை குறைவதை மதுரைக்காரர்கள் உடம்பால் உணரப்போகிறார்கள். காக்கைகளையும் ஆடுமாடுகளையும் கவனிக்க ஒரு பிள்ளையிடம் நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வெப்பமானி இருந்தால் நிழலில் தொங்கவிட்டு ஐந்து நிமிடத்துக்கொரு முறை குறிக்கச் சொல்லுங்கள்.

வளையம் மூடும் நொடியிலும் திறக்கும் நொடியிலும் நிலவின் மலைப்பள்ளங்கள் வழியே ஒளி முத்து முத்தாக உடையும். அதைப் பார்க்கக் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வதே வசதி. நின்றுகொண்டு உச்சியை அண்ணாந்தால் கழுத்து பிடிக்கும். கைப்பேசியில் சூரியனைப் படமெடுக்க முயன்று அந்த ஐந்து நிமிடத்தை யாரும் தொலைக்க வேண்டாம். படம் எடுப்பதானால் மரத்தடி வளையங்களுக்கு நடுவே குடும்பத்தை நிற்கவைத்து எடுங்கள்.

வளையம் உடைந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். சாலை அடைத்துக்கொள்ளும், சுங்கச்சாவடியில் வரிசை நீளும். நீங்கள் மூன்று மணி வரை மரத்தடியிலேயே இருங்கள், பிள்ளைகள் கொஞ்சம் தூங்கட்டும். மூடிய வண்டிக்குள் மட்டும் தூங்கவைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட.

விழித்திரைக்கு வலி தெரியாது. வெறுங்கண்ணால் பார்த்த பிள்ளை அப்போது ஒன்றும் சொல்லாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் பார்வையின் நடுவில் கறுப்பாகத் தெரிகிறது, எழுத்து வளைகிறது என்று சொல்லும். வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் ஒவ்வொரு கண்ணாக மூடி நாள்காட்டியின் சிறு எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள், மறுநாள் காலையிலும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய ஊர் இது. மதுரையில் கண் மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.